தோல் ஏற்காத நங்கூரம்

டெர்மல் பியர்சிங் ஒரே ஒரு வாய் உள்ள துளை. காதிலோ மூக்கிலோ குத்தும்போது ஊசி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. தோட்டின் தண்டு அந்த வழியே போய், முன்னால் கல்லும் பின்னால் திருகாணியுமாக இரண்டு பக்கமும் பிடித்து நிற்கிறது. டெர்மலுக்குப் பின்பக்கம் கிடையாது. ஏறத்தாழ 6 அல்லது 7 மில்லிமீட்டர் நீளமுள்ள தட்டையான உலோகப் பாதம் ஒன்று தோலுக்குள் படுத்திருக்கும். அதிலிருந்து 2 மில்லிமீட்டர் அளவில் ஒரு குட்டைத் தண்டு எழும்பித் தோலின் மட்டத்துக்கு வரும். தண்டின் மரையில் கல் பதித்த தலை திருகப்படும். வெளியே தெரிவது அந்தத் தலை மட்டும்தான். மறுபக்கம் தேவையில்லாததால் கழுத்தெலும்புக்குக் கீழே, மார்பின் நடுவில், பிடரியில், இடுப்பில், கன்னத்தில், மணிக்கட்டில் என்று உடலின் எந்தச் சமதளத்திலும் இதைப் பதிக்க முடிகிறது. இதன் கவர்ச்சிக்கும் தொல்லைக்கும் காரணம் இந்த ஒன்றே.

1990களில் அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த ஸ்டீவ் ஹாவர்த் போன்றவர்கள் தோலைக் கீறிப் பெரிய உலோகப் பாதங்களை உள்ளே வைத்தார்கள். கீறலும் பெரிது, தழும்பும் பெரிது. 2000களின் நடுப்பகுதியில் பாதம் சுருங்கி இன்றைய அளவுக்கு வந்த பிறகே இது சாதாரண பியர்சிங் கடைகளுக்குள் நுழைந்தது. தோல் மருத்துவர்கள் பயாப்சிக்குப் பயன்படுத்தும் வட்டக் கத்தியால் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு துளை போட்டு, அதனடியில் ஒரு பக்கமாகச் சின்னப் பை உண்டாக்கி, அதற்குள் பாதத்தைச் சாய்த்து நுழைப்பது இப்போது பரவலாக உள்ள முறை. பாதத்தில் சிறு ஓட்டைகள் இருக்கும். காயம் ஆறும்போது திசு அவற்றின் ஊடே வளர்ந்து பாதத்தைக் கட்டிப்போட வேண்டும் என்பது ஏற்பாடு. சில வாரங்களில் திசு அப்படி வளரவும் செய்கிறது. அந்தக் கட்டு எவ்வளவு காலம் நிற்கும் என்பதைத் தோலின் அமைப்பு தீர்மானிக்கிறது.

தோலின் கணக்கு

தோலில் இரண்டு முக்கிய அடுக்குகள் உண்டு. மேல்தோல் மிக மெல்லியது. உடலின் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். அதன் அடியில் பிறக்கும் செல்கள் மேலே ஏறி, தட்டையாகி, இறந்து உதிர்வதற்கு ஏறத்தாழ நான்கு வாரம் ஆகிறது. அதற்குக் கீழே உள்தோல்: 1 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன், கொலாஜன் நார்களால் பின்னப்பட்டது, ரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுவது. உள்தோலுக்கு அடியில் கொழுப்பு. டெர்மலின் பாதம் இந்த உள்தோலின் அடிப்பகுதியில் அமர வேண்டும். பாதி ஆழத்திலேயே நின்றுவிட்டால் அதற்கு மேலே கூரையாக இருக்கும் திசு மிக மெல்லியதாகிவிடும். அப்படிப் பதித்த டெர்மல், எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும், சில மாதங்களுக்கு மேல் தாங்குவது அரிது. பராமரிப்பின் குறை என்று பலர் நொந்துகொள்ளும் தோல்விகளில் கணிசமானவை குத்திய நாளிலேயே முடிவானவை.

உலோகம் உள்ளே போன சில நொடிகளில் ரத்தப் புரதங்கள் அதன் மேல் படிகின்றன. முதலில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களும், பின்னால் பெருவிழுங்கிச் செல்களும் வந்து சேர்கின்றன. உடலுக்குள் நுழைந்த பொருளை விழுங்கிச் செரிப்பது இவற்றின் வேலை. டைட்டானியத் தட்டு அவற்றின் வாய்க்கு அடங்காது. பல பெருவிழுங்கிகள் ஒன்றாகக் கலந்து ராட்சதச் செல்களாகி முயன்று பார்த்த பிறகு, உடல் வேறு வழியை எடுக்கிறது: சில வாரங்களில் அந்தப் பொருளைச் சுற்றிக் கொலாஜன் உறை ஒன்றை நெய்து தனிமைப்படுத்திவிடுகிறது. தோலுக்குள் முழுமையாகப் புதைந்த பொருளென்றால் சிக்கல் இத்துடன் தீர்ந்துவிடும். எலும்பு முறிவுக்கு வைத்த தகடுகள் பல்லாண்டு சும்மா இருப்பது அதனால்தான்.

டெர்மல் முழுமையாகப் புதையவில்லை. அதன் தண்டு தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கிறது. மேல்தோலின் செல்களுக்கு ஒரு பிடிவாதமான பழக்கம் உண்டு: எங்கே விளிம்பு இருக்கிறதோ அங்கிருந்து நகர்ந்து, தம்மைப் போன்ற இன்னொரு செல்லைத் தொடும்வரை நிற்பதில்லை. சாதாரண வெட்டுக்காயத்தில் எதிரெதிர் விளிம்புகள் சந்தித்ததும் வேலை முடிகிறது. தண்டைச் சுற்றி அந்தச் சந்திப்பு நடக்க வழியில்லை. ஆகவே செல்கள் தண்டின் ஓரமாகக் கீழே இறங்குகின்றன, பாதத்தை எட்டுகின்றன, காலப்போக்கில் அதன் அடியில் புகுந்து, அதை உடலுக்கு வெளியே உள்ள பொருளாக மாற்றிவிடுகின்றன. காதுத்துளையிலும் இதே செல்கள் இதே வேலையைத்தான் செய்கின்றன. அங்கே இரு வாயிலிருந்தும் கிளம்பியவை நடுவில் சந்தித்து, துளைக்கு நிரந்தரமான உள்சுவரைக் கட்டிவிடுகின்றன. இளம்வயதில் குத்திய காது முதுமையிலும் தோடு தாங்குவதன் ரகசியம் அது. முள் தைத்த விரல் சில நாளில் முள்ளை மேலே கொண்டுவருவதற்கும், டெர்மல் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ மேலே வருவதற்கும் அடிப்படை வேறுபாடு கிடையாது.

உலோகத்தைத் தோல் வழியே வெளியே நிறுத்துவது மருத்துவத்துக்கும் பழைய தலைவலி. 1950களில் சுவீடனின் பெர்-இங்வார் பிரானமார்க், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியாமல் திணறியபோது, டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாகப் பிணைவதைக் கண்டார். 1965இல் முதல் நோயாளிக்கு டைட்டானியப் பல்வேர் பொருத்தப்பட்டது. 1977இல் கோத்தன்பர்க்கில் அண்டர்ஸ் ஷெல்ஸ்ட்ரோம் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் திருகி, தோல் வழியே வெளியே நிற்கும் கேட்புக் கருவியைக் கொண்டுவந்தார். எலும்பில் அசையாமல் பிணைந்த அந்தத் தண்டைச் சுற்றிக்கூடத் தோல் அவ்வப்போது சிவந்து கசிந்தது. அதை அளவிடுவதற்கே 1988இல் ஹோல்கர்ஸ் என்பவர் பூஜ்யம் முதல் 4 வரையிலான படிநிலை ஒன்றை வகுத்தார். மானின் கொம்பு தோலை ஊடுருவி நின்றும் சீழ் பிடிக்காமல் இருப்பது எப்படி என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். கொம்பின் அடி எலும்பில் நுண்துளைகள் நிறைந்திருப்பதையும், உள்தோல் அவற்றில் புகுந்து இறுகப் பிடித்துக்கொள்வதால் தோல் அசையாமல் இருப்பதையும் கண்டு, அந்தத் தத்துவத்தைச் செயற்கைக் கால்களின் தண்டில் பயன்படுத்தினார்கள்.

எலும்பின் பிடிப்பு இருந்தும் இவ்வளவு பாடு என்றால், இழுத்தால் இழுபடும் மென்திசுவில் மட்டும் ஊன்றிய டெர்மலின் நிலை புரியும். டைட்டானியத்தின் விறைப்பு தோலின் விறைப்பைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். டெர்மலின் தலையில் துப்பட்டா ஒருமுறை சிக்கி இழுத்தாலும் அந்த விசை நெம்புகோலாகி, பாதத்தின் ஒரு முனையைக் கீழேயும் மறுமுனையை மேலேயும் அழுத்தி, புதிதாக வளர்ந்த நார்களை அறுக்கிறது. மணிக்கட்டு, விரல், இடுப்புப் பட்டை உரசும் இடம் ஆகியவற்றில் பதித்தவை விரைவில் தோற்பதற்கு இதுவே காரணம். "பெர்மனென்ட்" என்று விற்கும் கடைகள் அந்தச் சொல்லைக் கைவிடுவது நல்லது. அனுபவமுள்ள பியர்சர்கள் இதை நீண்டகாலத் தற்காலிக நகை என்றே சொல்வார்கள்.

தொல்லை எந்த வகை

தொல்லை தரும் டெர்மலைப் பற்றிய முதல் கேள்வி, தொல்லை எந்த வகை என்பது. உராய்வு, ஒவ்வாமை, கிருமித்தொற்று, வெளித்தள்ளல் ஆகிய நான்கும் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். நான்குக்கும் செய்ய வேண்டியவை வேறு.

இயல்பு எது என்பது தெரியாமல் நோயைக் கண்டுபிடிக்க முடியாது. முதல் சில வாரங்களில் சற்றே வீக்கம், தொட்டால் வலி, தெளிந்த அல்லது வெளிறிய நீர்க்கசிவு, அது காய்ந்து தண்டைச் சுற்றிப் பொருக்காகப் படிவது எல்லாம் ஆறுதலின் பகுதிகள். மேற்பரப்பு 1 முதல் 3 மாதங்களில் அமைதியடையும். உள்ளே உறை முழுமையாக முதிர அதைவிட நாளாகும். ஆறிய பிறகும் தலைக்கடியில் இறந்த செல்களும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து, வெண்ணிறமாக, கொஞ்சம் நாற்றத்துடன் வரும். அது சீழ் அல்ல, அழுக்கு.

பெரும்பாலான கையேடுகள் "சிவந்திருக்கிறதா பாருங்கள்" என்கின்றன. அவற்றில் உள்ள படங்கள் வெளுத்த தோலில் எடுத்தவை. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அழற்சி பெரும்பாலும் சிவப்பாகத் தெரிவதில்லை. ஊதா கலந்த பழுப்பாகவோ, சுற்றியுள்ள தோலைவிட ஒருபடி கறுப்பாகவோ தெரியும், சில சமயம் நிறம் மாறவே மாறாது. ஆகவே நிறத்தை நம்பாமல் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பதும், வீக்கத்தால் தோல் இறுகி மினுங்குகிறதா என்று சாய்வெளிச்சத்தில் நோக்குவதும் மேலான சோதனைகள். கிருமித்தொற்றில் வலி துடிப்பாக இருக்கும், நாளுக்கு நாள் கூடும். கசிவு கெட்டியாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். சூடு தலையைத் தாண்டிப் பரவும். மாற்றத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து வைத்தால், அடுத்த நாள் அது கோட்டைத் தாண்டியதா என்பதில் சந்தேகம் இருக்காது.

ஒவ்வாமையின் அடையாளம் அரிப்பு. நீர்க்கொப்புளங்களும் செதில்களும் தலை தொடும் இடத்தின் வடிவத்திலேயே வரும், வலி குறைவு. புதிய தலை மாற்றிய ஒன்றிரண்டு நாளில் தொடங்கினால் சந்தேகம் வலுக்கும். குற்றவாளி பெரும்பாலும் நிக்கல். நல்ல பாதங்கள் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த, உடலில் பதிக்கும் தரமுள்ள டைட்டானியத்தால் ஆனவை. அறுவைச்சிகிச்சை எஃகு என்று விற்கும் 316எல் வகையில் 10 முதல் 14 சதவீதம் நிக்கல் உண்டு. பளபளப்பாக மெருகிட்ட எஃகிலிருந்து அது மிகக் குறைவாகவே கசியும்; மலிவான முலாம் பூசிய தலைகள் தாராளமாகக் கசியவிடும். துளையில் நிற்கும் தண்டிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு விதித்திருக்கிறது. சந்தேகம் தீர, தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்து 48 மணி நேரத்துக்குப் பிறகும், மேலும் ஒன்றிரண்டு நாள் கழித்தும் பார்ப்பார். தலை மட்டும் காரணமென்றால் டைட்டானியத் தலைக்கு மாறுவதோடு தொல்லை தீரும். பாதமே எஃகு என்றால் எடுப்பதைத் தவிர வழியில்லை.

உராய்வால் வரும் புடைப்பு ஈரமாக, சிவந்து, தொட்டால் ரத்தம் கசிவதாக இருக்கும். இது மிகையாக வளர்ந்த ஆறுதல் திசு. உரசல் நின்றால் பெரும்பாலும் அடங்கிவிடும். மருத்துவர் சில்வர் நைட்ரேட் தொட்டு வைப்பதும் உண்டு. கீலாய்டு வேறு இனம். அது கெட்டியாக, வழவழப்பாக, அரிப்புடன், காயத்தின் எல்லையைத் தாண்டி ஆரோக்கியமான தோலுக்குள் மாதக்கணக்கில் வளரும். நிறமி அதிகமுள்ள தோலில் இது கூடுதலாக வரும், குடும்பவழி உண்டு, மார்பின் நடுப்பகுதியும் தோளும் இதற்குப் பேர்போன இடங்கள். டெர்மலுக்கு மிகவும் விரும்பப்படும் இடமும் மார்பின் நடுப்பகுதியே என்பது சங்கடமான பொருத்தம். காது குத்திய இடத்தில் கீலாய்டு வந்தவர்கள் டெர்மல் பக்கமே போகாதிருப்பது நல்லது.

பராமரிப்பு: குறைவே நிறைவு

1957இல் எலெக், கோனென் என்ற இரு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் தோலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தார்கள். சீழ்க்கட்டி உண்டாகப் பல பத்து லட்சம் கிருமிகள் வேண்டியிருந்தன. தோலில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோதோ சில நூறே போதுமானதாக இருந்தது. அந்நியப் பொருள் ஒன்று உள்ளே இருந்தாலே பாதுகாப்பு பத்தாயிரம் மடங்கு சரிகிறது. கிருமிகள் அதன் மேற்பரப்பில் பிசினை உமிழ்ந்து உயிர்ப்படலமாகப் படிந்துவிட்டால், ரத்தத்தில் வரும் ஆன்டிபயாடிக் அவற்றைப் பெரிதாகத் தொடுவதில்லை. டெர்மலைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது ஏன் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

1994இல் அமெரிக்காவில் தொடங்கிய தொழில்முறை பியர்சர்கள் சங்கம் பரிந்துரைப்பது, வேறெதுவும் கலக்காத 0.9 சதவீத சோடியம் குளோரைடு கரைசல். மருந்துக் கடையில் நார்மல் சலைன் என்று கேட்டால் கிடைப்பது இதுவே. நாளுக்கு இரு முறை அதில் நனைத்து, பொருக்கு தானாக இளகியதும் காஸ் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பெரிய பாட்டிலை ஒருமுறை திறந்துவிட்டு மாதக்கணக்கில் பயன்படுத்தினால் அது கிருமியற்ற திரவமாக இருக்காது. சின்ன அளவில் வாங்குவது நல்லது. வீட்டில் உப்பைக் கரைப்பதில் பொதுவான தவறு, தாராளம். 200 மில்லி டம்ளரில் ஒரு தேக்கரண்டி உப்பு போட்டால் செறிவு ஏறத்தாழ 3 சதவீதமாகிறது, கடல்நீருக்கு அருகில். அது புதிய செல்களிலிருந்து நீரை உறிஞ்சி அவற்றையே கொல்லும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், நீர்க்காத போவிடோன் அயோடின் ஆகியவை கிருமியைக் கொல்வது உண்மை. ஆறுதல் திசுவை நெய்யும் செல்களையும் சேர்த்தே கொல்கின்றன. தினமும் ஊற்றினால் காயம் ஆறும் நாள் தள்ளிக்கொண்டே போகும். தேங்காய் எண்ணெயில் குழைத்த மஞ்சளைக் காது குத்திய குழந்தைக்குத் தடவுவது வழக்கம். இருபுறமும் திறந்த காதுத்துளையில் அதனால் பெரிய கெடுதல் நேர்வதில்லை. அடைபட்ட பை ஒன்றின் ஒரே வாயில் எண்ணெயையும் தூளையும் அப்புவது வேறு விஷயம். கசிவு வெளியேற வழியின்றித் தேங்கும். மருந்துச் சீட்டு இல்லாமலே கைக்கு வரும் ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சைமருந்து மூன்றும் கலந்த களிம்புகள் இவற்றையெல்லாம்விட மோசமானவை. ஸ்டீராய்டு அரிப்பையும் வீக்கத்தையும் மறைத்து இரண்டு நாள் நிம்மதி தரும். கூடவே தோலை மெலியச் செய்து வெளித்தள்ளலுக்கு வழிவிடும். அவற்றில் அடிக்கடி சேர்க்கப்படும் நியோமைசினே பலருக்கு ஒவ்வாமை தருவது.

மற்றவை இயந்திரப் பிரச்சினைகள். டர்க்கி டவலின் வளையங்கள், பிடரியில் நீண்ட முடி, ஹெல்மெட் வார், காரின் இருக்கைப் பட்டை, ஒற்றைத் தோள்பையின் பட்டை எல்லாம் சிக்கக் கூடியவை. இரவில் காற்றோட்டமுள்ள சிறு ஒட்டுப்பட்டை பயன்தரும். நீர்புகாப் பிளாஸ்திரி நாள் முழுக்க இருந்தால் தோல் ஊறிப்போகும். ஆறும்வரை நீச்சல்குளம், ஆறு, கடல் குளியல் வேண்டாம். தலை தளர்ந்தால் கைகழுவி வலஞ்சுழியாக மெல்ல இறுக்கலாம். தலையோடு சேர்ந்து பாதமும் சுழல்வது தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். தலை விழுந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது, ஏனென்றால் சில நாளிலேயே தோல் தண்டின் மேல் மூடிப் பாதத்தைப் புதைத்துவிடக் கூடும். வீக்கத்தில் தலை தோலுக்குள் அமிழ்ந்தால் அது தண்டின் நீளம் போதவில்லை என்பதன் அறிகுறி. பியர்சரிடம் உயரமான தலை மாற்றிக்கொள்ளலாம். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இத்தனையும் செய்தும் ஆறுவது தாமதமாகும்.

எடுப்பதா, விடுவதா

உராய்வும் ஒவ்வாமையும் காரணமென்றால் காரணத்தை நீக்கிவிட்டு மூன்று நான்கு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். தொற்றில் பொறுமைக்கு அளவு உண்டு. காய்ச்சல், குளிர்நடுக்கம், டெர்மலிலிருந்து கோடாக நீளும் நிறமாற்றம், வேகமாகப் பரவும் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. கன்னத்திலும் கண்ணுக்கடியிலும் உள்ள டெர்மலில் சிறு தொற்றுக்கும் இந்த விதியே பொருந்தும். முகத்தின் நடுப்பகுதி நாளங்கள் மூளைக்கு அடியிலுள்ள ரத்தக் குகைகளோடு தொடர்புள்ளவை. மற்ற இடங்களில் லேசான தொற்றுக்கு மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக்கை முழுமையாக எடுத்துப் பார்ப்பது சரி. இரண்டு மூன்று நாளில் குறையவில்லை என்றாலோ, மருந்து முடிந்த சில நாளில் திரும்ப வந்தாலோ, கிருமிகள் உலோகத்தின் மேல் குடியேறிவிட்டன என்று கொண்டு எடுத்துவிட வேண்டும். வாரக்கணக்கில் வலியில்லாமல் நீடிக்கும் முடிச்சுகளில் காசநோய்க் கிருமியின் உறவினர்களான வேறு மைக்கோபாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். அவற்றுக்குத் தனி கல்ச்சர் சோதனையும் மாதக்கணக்கில் மருந்தும் தேவை.

சாதாரணத் துளைகளில் சீழ் இருக்கும்போது நகையைக் கழற்றாதே என்ற அறிவுரை உண்டு. கழற்றினால் வாய் மூடி உள்ளே கட்டியாகும் என்பது அதன் காரணம். டெர்மலுக்கு இந்த அறிவுரை அப்படியே பொருந்தாது. இங்கே கிருமிக்குப் புகலிடமே நகைதான். அது வெளியேறியதும் பை அதே வாய் வழியே வடிந்துவிடும். எப்போது எடுப்பது என்பதை மட்டும் மருத்துவர் சொல்ல வேண்டும்.

பலரும் தவறு செய்வது வெளித்தள்ளலில். இது வலிக்காது, சீழ் வராது, ஆகவே கவனம் பெறாது. தலை முன்பைவிட உயர்ந்து நிற்பது, தலைக்கும் தோலுக்கும் இடையே தண்டு தெரிவது, ஒரு பக்கமாகச் சாய்வது, பாதத்தின் விளிம்பு தோலடியில் நிழலாகத் தெரிவது, அந்த இடத்தில் தோல் மினுமினுத்துச் செதிலாக உரிவது என்ற வரிசையில் அது முன்னேறும். முதல் வாரங்களில் வீக்கத்தால் சாய்வு வருவதுண்டு, அது தானே நேராகலாம். சாய்வோடு உயரமும் கூடினால் அது திரும்புவதில்லை. ஒரே வெளிச்சத்தில், பக்கவாட்டிலிருந்து, அளவுகோலை அருகில் வைத்து வாரம் ஒரு புகைப்படம் எடுத்தால் நினைவை நம்பி ஏமாற வேண்டியதில்லை.

வெளித்தள்ளல் உறுதியானால் எடுப்பது இன்றைக்கா அடுத்த மாதமா என்பதில் தழும்பின் அளவு அடங்கியிருக்கிறது. கூரை முழுதாக இருக்கும்போது எடுத்தால் மிஞ்சுவது தண்டு நின்ற 2 மில்லிமீட்டர் புள்ளி அல்லது அதைவிடச் சற்றே பெரிய வெட்டு. பாதம் தானே கூரையை அறுத்துக்கொண்டு வெளியேறினால் தழும்பு பாதத்தின் நீளத்துக்கு, அதாவது 6 அல்லது 7 மில்லிமீட்டருக்கு, பள்ளமான கோடாக விழும். காசு கொடுத்து, வலி பொறுத்துப் பதித்ததை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கத் தோன்றுவது இயல்பு. அந்தக் கொஞ்ச நாளுக்கு விலையாகப் போவது தோல்.

தொல்லை எதுவும் இல்லாமலே எடுக்க நேர்வதும் உண்டு. அந்த இடத்தில் அறுவைச்சிகிச்சை என்றால் மின்கத்தியின் மின்சாரம் உலோகத்தைச் சூடாக்கும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது டைட்டானியம் காந்தத்தால் இழுக்கப்படுவதில்லை என்றாலும் சுற்றுப்புறப் படம் சிதையும். தலையின் உலோகம் எதுவென்று தெரியாவிட்டால் ஆபத்தும் கூடும். பதிக்கும்போதே உலோக விவரத்தை எழுதி வாங்கி வைத்திருந்தால் அப்போது உதவும். கர்ப்பத்தில் விரியும் வயிற்றுத் தோலில் உள்ள டெர்மல் பெரும்பாலும் நிற்காது.

எடுக்கும் முறை

தலையைக் கழற்றுவது டெர்மலை எடுப்பதாகாது. பாதத்தின் ஓட்டைகளில் வளர்ந்த திசு அதைப் பிடித்திருக்கிறது. கண்ணாடி முன் நின்று புருவ இடுக்கியால் இழுத்தால் கிழிவது அந்தத் திசு. ஆழமில்லாத, ஏற்கெனவே மேலேறிய பாதத்தை அனுபவமுள்ள பியர்சர் சுற்றுப்புறத்தை அழுத்தி நீவி, நுழைந்த வழியிலேயே சாய்த்து வெளியே கொண்டுவந்துவிடுவார். நன்றாக ஊன்றியது, புதைந்துபோனது, தொற்று உள்ளது, முகத்தில் உள்ளது, கீலாய்டு அச்சம் உள்ளது என்றால் தோல் மருத்துவரிடமோ அறுவைச்சிகிச்சை நிபுணரிடமோ போக வேண்டும். வெளிநோயாளியாகவே செய்துகொள்ளும் சின்ன வேலை இது. லிக்னோகெய்ன் மரப்பு ஊசி போட்டு, கத்தியின் நுனியால் துளையைச் சற்றே நீட்டி, ஓட்டைகளிலுள்ள நார்களை அறுத்து, பாதத்தை உருவுவார். சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும். தையல் பெரும்பாலும் வேண்டியிருக்காது. புதைந்த பாதம் கைக்குத் தட்டுப்படாவிட்டால் எக்ஸ்ரே காட்டிவிடும். எடுத்த பாதம் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவதும், டெட்டனஸ் தடுப்புக்கான டி.டி. ஊசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கணக்கிடுவதும் அங்கேயே முடிக்க வேண்டியவை. கீலாய்டு வாய்ப்புள்ளவருக்கு இந்த வெட்டே புதிய தூண்டுதல் ஆகலாம். தழும்பு தடிக்கத் தொடங்கினால் போடுவதற்கென்று டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை மருத்துவர் முன்கூட்டியே திட்டமிடுவார்.

உலோகம் போன பிறகு விதிகள் மாறுகின்றன. 1962இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் காட்டியபடி, மூடி ஈரமாக வைத்த காயத்தில் மேல்தோல், காற்றில் காயவிட்ட காயத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் படர்கிறது. ஆகவே தொற்று இல்லாத துளைக்கு, நகை இருந்தவரை எண்ணெயைப் போலவே விலக்க வேண்டியிருந்த பெட்ரோலியம் ஜெல்லி இப்போது ஏற்றது. மெல்லத் தடவி, காஸ் வைத்து மூடி, தினமும் மாற்றினால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் வாய் மூடும். உள்ளே கொலாஜன் ஓர் ஆண்டுக்கும் மேலாகத் தன்னைத் திருத்தி அமைத்துக்கொண்டிருக்கும். முடிவில் அந்த இடத்தின் வலிமை பழைய தோலில் 80 சதவீதத்தை எட்டினால் பெரிது. மூடிய பிறகு சிலிகோன் ஜெல்லோ பட்டையோ இரண்டு மூன்று மாதம் வைத்தால் தழும்பு தட்டையாகும். கறுத்த தோலில் தழும்பைவிட நீண்ட நாள் உறுத்துவது கரும்படிவு. வெயில் பட்டால் அது ஆழமாகும், மறைத்தாலோ சன்ஸ்கிரீன் தடவினாலோ மாதங்களில் மங்கும்.

அதே இடத்தில் மறுபடி பதிக்க விரும்புவோர் குறைந்தது ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். அப்போதும் தழும்புத் திசுவில் ரத்த ஓட்டமும் நெகிழ்வும் குறைவு என்பதால் இரண்டாவது பாதம் முதலாவதைவிடச் சீக்கிரம் மேலேறும். ஒரு சென்டிமீட்டராவது தள்ளிப் பதிப்பதே வழக்கம். முதல் டெர்மல் ஒவ்வாமையால் போயிருந்தால் உலோகத்தை மாற்றி முயலலாம். உடை உரசும் இடத்தில் இருந்ததால் போயிருந்தால் இடத்தை மாற்ற வேண்டும். கீலாய்டால் போயிருந்தால் மீண்டும் பதிக்கவே கூடாது.